முப்பத்தெட்டாவது மாடி

பிப்ரவரி 6

அன்புள்ள தம்பிக்கு,

நல்லா இருக்கியா. இங்க எல்லாரும் இருக்கோம். சுத்தி வளைக்காம விஷயத்துக்கு வர்றேன். நீ அந்தக் கட்டடத்துக்குப் போய் அவரை ஒரு தடவை பார்த்துட்டு வரணும்.

போன்ல சொல்லியிருக்கலாம். ஆனா போன் கூடத்துல இருக்கு. அவரோட அம்மா அதுக்குப் பக்கத்து நாற்காலியை விட்டு எழுந்திரிக்கிறதே இல்லை. மகன் கூப்பிடுவான்னு காவல் இருக்காங்க. நேத்து ஏதோ ராங் நம்பர் வந்தது. 'யாருப்பா நீ, எதுக்கு லைனை அடைக்கிறே'ன்னு அவனை உண்டு இல்லைன்னு ஆக்கிட்டாங்க. அவங்களை வெச்சுக்கிட்டு நான் என்னத்தைப் பேசுறது.

ரெண்டு வருஷத்துல திரும்பிடுவேன்னு சொல்லிட்டுத்தான் அவர் வேலைக்குப் போனார். முதல் வருஷம் ரெண்டு தடவை வந்தார். அப்புறம் நாலு வருஷமா வரவே இல்லை. போன கோடையோட கடிதமும் நின்னுபோச்சு. இருந்த அறையையும் காலி பண்ணிட்டார்னு நீதான் சொன்னே. மாசாமாசம் பணம் மட்டும் வங்கிக்கு வந்துடுது. அதனால உயிரோட இருக்கார், வேலையில இருக்கார்னு தெரியுது. அதுக்கு மேல ஒண்ணும் தெரியலை.

நீ அதே நகரத்துல இருக்கே. கட்டடத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை, பிஸ்கட் டப்பாவுல கூட அந்தப் படம்தான் இருக்கு. முப்பத்தெட்டாவது மாடி, இன்ஷூரன்ஸ் ஆபீஸ், கணக்குப் பிரிவு. போய், வர்றாரா இல்லையான்னு மட்டும் கேளு. திட்டாதே. சண்டை போடாதே. உனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

அக்கா

பிப்ரவரி 19

அக்காவுக்கு,

போனேன். மூணு தடவை போனேன். பார்க்க முடியலை.

விவரமாச் சொல்றேன், அப்புறம் நீ என்னைக் கரிச்சுக் கொட்டலாம். அந்தக் கட்டடத்துக்கு ரெண்டு வாசல். ஒண்ணு வேடிக்கை பார்க்க வர்றவங்களுக்கு. டிக்கெட் வாங்கினா நேரா அறுபதாவது மாடி, மொட்டை மாடி மாதிரி ஒரு இடத்துல கொண்டுபோய் விட்டுடுவாங்க. இன்னொண்ணு வேலை செய்யறவங்களுக்கு. அதுல கார்டைத் தேய்ச்சாத்தான் கதவு திறக்கும். நடுவுல இருக்கிற மாடிக்கெல்லாம் அந்த வழியாத்தான் போகணும்.

முதல் தடவை அங்க வரவேற்புல இருந்த பொண்ணுகிட்டப் பேரைச் சொன்னேன். போன் பண்ணினாள். 'சார் மீட்டிங்ல இருக்கார்'னாள். ரெண்டாவது தடவையும் மீட்டிங். மூணாவது தடவை லீவு போட்டுட்டுக் காலையிலேயே போய் எதிர்ல நீரூற்றுப் பக்கத்துல நின்னேன். அத்தான் வந்தார். நான் கூப்பிடறதுக்குள்ள உள்ளே போயிட்டார். உடனே போய்க் கேட்டேன். அந்தப் பொண்ணு மேலே பேசிட்டு, 'சார் இன்னைக்கு வரலை'ன்னாள். என் முகத்தைப் பார்த்துச் சொல்லலை. கம்ப்யூட்டரைப் பார்த்துச் சொன்னாள்.

காவலுக்கு நிக்கிற ஒரு மீசைக்காரர் என்னைப் பார்த்துப் பாவப்பட்டு, 'தம்பி, ஊர்ல இருக்கிறவங்க எல்லாம் வந்து பார்க்கிற கட்டடம் இது. உள்ளே ஒரு ஆளைப் பார்க்கணும்னாத்தான் கஷ்டம்'னார்.

என்ன செய்யறதுன்னு தெரியாம வேடிக்கை டிக்கெட்டை வாங்கிட்டு மேலே போனேன். சிரிக்காதே. லிஃப்ட்ல மாடி நம்பர் ஓடும். முப்பத்தெட்டு வந்தப்ப ஒரு பொத்தான் இருக்கும், அமுக்கிடலாம்னு பார்த்தேன். பொத்தானே இல்லை. காது அடைச்சுக்கிச்சு. மேலே ஒரே காத்து. எல்லாரும் அவங்கவங்க வீட்டுக் கூரையைத் தேடிட்டு இருந்தாங்க. நான் கீழே குனிஞ்சு பார்த்தேன். எனக்குக் கீழே இருபத்திரண்டு மாடி தள்ளி அத்தான் உட்கார்ந்திருக்கார். தெரிஞ்சு என்ன பண்றது. கண்ணாடியில என் மூஞ்சிதான் தெரிஞ்சது.

பட்டறையில ரெண்டு பேருக்குப் பல் செட் முடிச்சுத் தரணும், முதலாளி முறைக்கிறார். ஆனாலும் இன்னொரு தடவை போறேன்.

தம்பி

பிப்ரவரி 27

தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படிச்சேன். மருந்துக்கடையில நின்னு டாக்டருங்க கிறுக்கலை எல்லாம் படிக்கிறவ நான், உன் எழுத்தைப் படிக்கத்தான் எனக்கு நேரம் பிடிக்குது.

நீ போய் உச்சியில நின்னு காத்து வாங்கிட்டு வந்திருக்கே. காது அடைச்சதுன்னு எழுதியிருக்கே. நான் அதுக்கா உன்னை அனுப்பினேன். கண்ணுக்கு எதிர்ல நடந்து போன மனுஷனை ஒரு குரல் கொடுத்து நிறுத்த முடியலையா உன்னால. சின்ன வயசுல தெருமுனையிலேருந்து 'அக்கா'ன்னு கத்துவியே, பக்கத்துத் தெருவுக்கெல்லாம் கேக்கும். இப்ப என்ன ஆச்சு.

எனக்கு ஒண்ணு தோணுது. சொன்னாக் கோபப்படாதே. அவர் வரமாட்டார்னு நீ எப்பவோ முடிவு கட்டிட்டே. போன வருஷம் லீவுக்கு வந்தப்பவே, 'விட்டுத் தள்ளு அக்கா, நீ சம்பாதிக்கிறே, உன் பொண்ணு சிட்டு நல்லாப் படிக்கிறா'ன்னு சொன்னே. விட்டுத் தள்ளுறதுக்கு அவர் என்ன பழைய செருப்பா. குடிக்கிற ஆளில்லை, கை நீட்டுற ஆளில்லை. நான் கடையிலேருந்து வர லேட்டானா சாப்பாட்டை மூடி வெச்சுட்டு, தானும் சாப்பிடாம உட்கார்ந்திருப்பார். அப்படிப்பட்டவர் ஏன் இப்படி ஆனார்னு தெரியாம நான் எப்படி விடுறது.

பாக்கி எதையும் நான் கேக்கலை. ஏன்னு மட்டும் தெரிஞ்சா போதும்.

அக்கா

மார்ச் 14

அக்காவுக்கு,

பார்த்துட்டேன்.

கோபப்பட்டு ஒரு வாரம் உனக்கு எழுதாம இருந்தேன். அப்புறம் ஒரு சாயங்காலம் ஆபீஸ் விடுற நேரத்துக்குப் போய் அந்தக் கண்ணாடிக் கதவுக்கு நேரா நின்னுட்டேன். அத்தான் வெளியே வந்தார். பார்த்ததும் ஓடுவார்னு நினைச்சேன். ஓடலை. 'வாடா, எப்ப வந்தே'ன்னார், ஏதோ நான் வீட்டுக்கு வந்த மாதிரி. தோள்ல கை போட்டுப் பக்கத்துக் காபிக் கடைக்குக் கூட்டிட்டுப் போனார்.

கொஞ்சம் இளைச்சிருக்கார். என் புத்திதான் உனக்குத் தெரியுமே, யாரைப் பார்த்தாலும் வாயைத்தான் முதல்ல பார்ப்பேன். பக்கத்துல ஒரு பல் போயிருக்கு. 'கட்டித் தர்றேன் அத்தான்'னேன். 'பரவாயில்லை, பழகிடுச்சு'ன்னார்.

எல்லாரையும் விசாரிச்சார். தன் அம்மாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்குன்னு கேட்டார். நீ இன்னும் அதே கடையிலதானான்னு கேட்டார். சிட்டு எந்த வகுப்புன்னு கேட்டார். அங்கதான் எனக்குப் பொறுமை போச்சு. 'நீங்களே வந்து பார்த்துக்கலாமே அத்தான்'னேன்.

'வரணும்னுதான் நினைக்கிறேன். ஸ்டேஷன் வரைக்கும் போவேன். வரிசையில நிப்பேன். நம்ம முறை வர்றப்ப நகர்ந்துடுவேன்.'

'ஏன்?'

'தெரியலைடா.'

'வேற யாராவது இருக்காங்களா?'

அதுக்குக் கோபப்படக்கூட இல்லை. 'வா'ன்னு சொல்லித் தன் அறைக்குக் கூட்டிட்டுப் போனார். ஒரு கட்டில். ஒரு தட்டு. ஒரு டம்ளர். துவைச்ச சட்டை ரெண்டு ஜன்னல்ல காஞ்சுட்டு இருந்தது. எனக்குத் தண்ணி கொடுத்துட்டு, நான் குடிச்சு முடிச்ச அப்புறம் அதே டம்ளரைக் கழுவித் தானும் குடிச்சார்.

'முதல்ல வேலை அதிகம்னு வரலை. அப்புறம் ஏன் வரலைன்னு கேப்பாங்களேன்னு வரலை. இப்ப வந்தா இவ்வளவு நாள் ஏன் வரலைங்கிறதுக்குப் பதில் சொல்லணும். என்கிட்ட அது இல்லை. உங்க அக்கா மேல எனக்கு ஒரு குறையும் இல்லை'ன்னார்.

அக்கா, இன்னொரு பொம்பளை இருந்திருந்தா நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேட்டுட்டு வந்திருப்பேன். இவரை என்ன கேக்கறது. அழலை, மழுப்பலை, பொய் சொல்லலை. பஸ் ஸ்டாப் வரைக்கும் வந்து வழியனுப்பிட்டுப் போனார். நீ ஏன்னு கேட்டே. அவருக்கே தெரியலை. இதுதான் பதில்னா இதை எடுத்துக்கோ.

தம்பி

ஏப்ரல் 2

தம்பிக்கு,

உடனே பதில் எழுத முடியலை. அந்த ஒரே டம்ளரை மட்டும் நினைச்சுட்டு இருந்தேன். அவருக்கு ரெண்டாவது டம்ளர் வாங்கித் தரணும்னு தோணுது, அதே கையால அதை அவர் மேல எறியணும்னும் தோணுது.

இப்ப அதைவிடப் பெரிய தலைவலி. பள்ளிக்கூடத்துல அஞ்சாம் வகுப்புப் பிள்ளைங்களை எல்லாம் பஸ்ல அந்தக் கட்டடத்தைச் சுத்திக் காட்டக் கூட்டிட்டு வர்றாங்க. இருபத்தி ஒண்ணாம் தேதி. அறிவிப்பு வந்த அன்னைக்கே சிட்டு எழுந்து நின்னு, 'எங்க அப்பா அங்கதான் வேலை பாக்கறார், அவரே வந்து எல்லாத்தையும் காட்டுவார்'னு டீச்சர்கிட்டச் சொல்லிட்டா. டீச்சரும் 'ரொம்ப நல்லது'ன்னு சொல்லிட்டாங்க. இப்ப வகுப்பே அவரை எதிர்பார்க்குது.

உடம்புக்கு முடியலைன்னு சொல்லி அனுப்பாம விட்டுடலாமான்னு யோசிச்சேன். முடியாது. இப்பவே ஷூவுக்குப் பாலிஷ் போட்டு ஜன்னல்ல வெச்சிருக்கா. அத்தை வேற, எதிர்வீட்டு அம்மாகிட்ட 'என் மகன்தான் அவங்களுக்கு எல்லாம் ஏற்பாடு பண்றான்'னு சொல்லியாச்சு.

நான் கூட வரலாம்தான். கடையில லீவு கேட்டாக் கிடைக்கும். ஆனா நான் வந்தா அவர் கீழே இறங்க மாட்டார்.

நீ போய்ச் சொல்லு. எனக்காக வேண்டாம், வீட்டுக்கு வரச் சொல்லியும் கேக்க வேண்டாம். அன்னைக்கு ஒரு தடவை கீழே இறங்கி வந்து அவ முன்னாடி நின்னா போதும். அவர் இறங்கலைன்னா நீயாவது அங்க நில்லு.

அக்கா

ஏப்ரல் 9

அக்காவுக்கு,

சொல்லிட்டேன். வர்றேன்னார். 'கண்டிப்பா வர்றேன், அன்னைக்கு நான் பெர்மிஷன் போட்டுடறேன்'னார். நான் கேக்காமலே, 'எத்தனை மணிக்கு, எந்த வாசல்ல பஸ் நிக்கும்'னு விசாரிச்சார். முகம் கொஞ்சம் தெளிஞ்ச மாதிரி இருந்தது. எனக்கு அப்படித் தோணிச்சு, அதை நம்பி நீ கோட்டை கட்டாதே.

நானும் போய் நிக்கிறேன். முதலாளிகிட்ட எனக்கே பல்வலின்னு சொல்லியிருக்கேன். பல் கட்டறவனுக்கே பல்வலியான்னு பட்டறையில சிரிக்கிறாங்க.

தம்பி

ஏப்ரல் 24

அக்காவுக்கு,

இதை எழுதறதா வேண்டாமான்னு மூணு நாளா யோசிச்சேன். சிட்டு என்கிட்ட, 'மாமா, அம்மாகிட்ட நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க, நான் சொல்லிக்கிறேன்'னா. சரின்னு தலையாட்டிட்டேன். ஆனா அவ எப்படிச் சொல்லுவான்னு எனக்குத் தெரியும். நீ அதைக் கேட்டுட்டு இன்னும் எத்தனை வருஷம் வாசலைப் பார்ப்பேன்னும் தெரியும். அதனால எழுதறேன்.

அத்தான் வந்தார். அதை முதல்ல சொல்லிடறேன். தலையைப் படிய வாரி, நல்ல சட்டை போட்டு, பஸ் வர்றதுக்கு முன்னாடியே கீழே இறங்கிட்டார். ரெண்டு பேரும் நீரூற்றுப் பக்கத்துல நின்னோம். அந்தக் கட்டடத்தடியில எப்பவும் பேய்க்காத்து. சுவர்ல மோதி அப்படியே கீழே இறங்கும். படம் எடுக்கிறவங்க தரையில மல்லாந்து படுத்து உச்சியை எடுத்துட்டு இருந்தாங்க. அத்தான் சட்டைக் காலரை நாலு தடவை சரி பண்ணினார். 'என்கிட்ட என்ன கேப்பா'ன்னு கேட்டார். 'ஒண்ணும் கேக்க மாட்டா, சந்தோஷப்படுவா'ன்னேன்.

பஸ் வந்தது. நாப்பது பிள்ளைங்க இருக்கும். எல்லாருக்கும் ஒரே நீலச் சீருடை, ஒரே மஞ்சள் தொப்பி. இறங்கி வரிசையா நின்னாங்க. நான் சிட்டுவைப் பார்த்துட்டேன். பின் வரிசையில இருந்தா. கூட்டத்துக்குள்ள எம்பி எம்பி எங்களைத் தேடிட்டு இருந்தா. நான் கையைத் தூக்கறதுக்குள்ள அத்தான் வேகமா நடந்து போயிட்டார். முன் வரிசையில ரெட்டைப் பின்னல் போட்ட ஒரு பொண்ணு முன்னாடி போய்க் குனிஞ்சு, தலையில கை வெச்சு, 'சிட்டு, எவ்வளவு வளர்ந்துட்டேம்மா நீ'ன்னார்.

அது வேற யாரோ பெத்த பொண்ணு.

அந்தப் பொண்ணு பயந்து டீச்சரைப் பார்த்தது. எனக்குக் கத்தணும்னு இருந்தது. தெருமுனையிலேருந்து கத்துவேன்னு எழுதினியே, ஒரு வார்த்தை வெளியே வரலை. அவர் இன்னும் அந்தப் பொண்ணு முகத்தையே பார்த்துச் சிரிச்சுட்டு இருக்கார். பின் வரிசையில சிட்டு எம்பறதை நிறுத்திட்டா.

அப்புறம் அவதான் பிள்ளைங்களை விலக்கிட்டு வந்தா. 'அப்பா, நான் இங்க இருக்கேன்'னா. கோபமா இல்லை, அழுகையா இல்லை. பஸ்ல வேற சீட்டுக்குப் போயிட்டவரைக் கூப்பிடற மாதிரி சொன்னா. பிள்ளைங்க சிரிச்சாங்க. அவளும் சேர்ந்து சிரிச்சா. அத்தான் முகம் செத்துப்போச்சு. 'வெயில்ல சரியாத் தெரியலைம்மா'ன்னார். அந்த இடத்துல வெயிலே விழாது அக்கா. 'ஆமாப்பா, தொப்பி வேற'ன்னு அவளே அவருக்குச் சாக்கு எடுத்துக் கொடுத்தா.

அதுக்கு அப்புறம் எல்லாம் நல்லாத்தான் நடந்தது. மேலே கூட்டிட்டுப் போனார். ஆறு, பாலம், ஸ்டேஷன் எல்லாம் காட்டினார். பிள்ளைங்க கேட்டதுக்கெல்லாம் பதில் சொன்னார். சிட்டு அவர் கையை விடவே இல்லை. பெருமையா அந்தக் கையைப் பிடிச்சுட்டு மத்த பிள்ளைங்களைப் பார்த்துட்டே நடந்தா. 'உங்க மேசையைக் காட்டுங்கப்பா'ன்னு ஒரே ஒரு தடவை கேட்டா. வெளி ஆளுங்களை விட மாட்டாங்கன்னு சொன்னார். 'சரிப்பா'ன்னுட்டா.

கீழே வந்ததும் எல்லாரும் கட்டடத்து முன்னாடி நின்னு படம் எடுத்துக்கிட்டாங்க. 'நீங்களும் நில்லுங்க சார்'னு டீச்சர் கூப்பிட்டாங்க. அவர் வேண்டாம்னுட்டார். கார்டைத் தேய்ச்சு உள்ளே போயிட்டார். சிட்டு பஸ் ஏறற வரைக்கும் அந்தக் கதவுக்குக் கை ஆட்டிட்டு இருந்தா. அது உள்ளேருந்து பார்த்தாத் தெரியும், வெளியேருந்து ஒண்ணும் தெரியாது. அவர் அங்க நின்னாரா போயிட்டாரான்னு எனக்குச் சொல்லத் தெரியலை.

பக்கத்துலயே நின்னும் என்னால ஒண்ணும் பண்ண முடியலை. என்னைத் திட்டணும்னாத் திட்டிடு.

தம்பி

மே 3

அன்புள்ள தம்பிக்கு,

உன்னைத் திட்ட எனக்கு மனசு இல்லை. நீ எழுதினது சரியா தப்பான்னும் என்னைக் கேக்காதே.

சிட்டு அன்னைக்கு ராத்திரி பஸ்ஸை விட்டு இறங்கினதுமே ஆரம்பிச்சுட்டா. வீட்டுக்குள்ள வந்தும் ஷூவைக்கூடக் கழட்டலை. அப்பா முன்னாடியே வந்து நின்னாராம். அத்தனை பிள்ளைங்க நடுவுல, அதுவும் எல்லாரும் தொப்பி போட்டிருந்தும், தூரத்துலேருந்தே இவளைக் கண்டுபிடிச்சுட்டாராம். நேரா இவகிட்ட வந்து, 'எவ்வளவு வளர்ந்துட்டேம்மா நீ'ன்னாராம். அத்தை அவளை மடியில இழுத்து வெச்சுக்கிட்டு மறுபடி மறுபடி சொல்லச் சொன்னாங்க. அழுதாங்க, சிரிச்சாங்க. 'பெத்தவனுக்குத் தெரியாதா'ன்னாங்க. அன்னைக்கு முதல் தடவையா போன் பக்கத்துல உட்காராம உள்ளே போய்ப் படுத்துத் தூங்கினாங்க.

நானும் நம்பினேன் தம்பி. உன் கடிதம் வர்ற வரைக்கும் நம்பினேன். கடையில பாட்டெல்லாம் முணுமுணுத்தேன்னு கூட வேலை பாக்கிறவ கிண்டல் பண்ணினா.

உன் கடிதத்தைக் கடையிலதான் பிரிச்சேன். படிச்சு முடிச்சு நிமிர்ந்தா எதிர்ல ஒருத்தர் சீட்டை நீட்டிட்டு நிக்கிறார். பிரஷர் மாத்திரை கேட்டவருக்கு வேற எதையோ எடுத்து வெச்சிருக்கேன். நல்லவேளை, அவரே பார்த்து, 'இது என்னுது இல்லையேம்மா'ன்னார்.

வீட்டுக்குப் போனா, சிட்டு எதிர்வீட்டு அம்மாவுக்கு அதே கதையைச் சொல்லிட்டு இருந்தா. இந்தத் தடவை இன்னும் கொஞ்சம் சேர்ந்திருந்தது. அப்பா அவளைத் தூக்கித் தோள்ல வெச்சுக்கிட்டாராம். நான் வந்ததைப் பார்த்ததும் சட்டுன்னு நிறுத்திட்டா. என் முகத்தையே பார்த்தா. பையைக் கீழே வெச்சுட்டு, அவ பக்கத்துல உட்கார்ந்து, 'அப்புறம்?'னு கேட்டேன். மிச்சத்தையும் சொன்னா. மேசையைக் கூடக் காட்டினாராம். மேசை மேல அவளோட படம் இருந்ததாம்.

அவகிட்ட நான் ஒண்ணும் கேக்கப் போறதில்லை. நீயும் கேக்காதே. லீவுக்கு வர்றப்ப அவ அந்தக் கதையை உன் முன்னாடி சொன்னா, நீ ஆமான்னு சொல்லணும். அந்தக் கட்டடத்துக்கும் இனிமேல் நீ போக வேண்டாம். எனக்குத் தெரிய வேண்டியது தெரிஞ்சுடுச்சு. தெரிஞ்சு என்ன பண்றதுன்னுதான் தெரியலை.

நேத்துப் பள்ளிக்கூடத்துலேருந்து அன்னைக்கு எடுத்த படத்தைக் கொடுத்தனுப்பினாங்க. அப்பாவுக்கு ஒண்ணு அனுப்பணும்னு சிட்டு ரெண்டு வாங்கிட்டு வந்தா. கூட நானும் ஒரு வரி எழுதலாம்னு காகிதத்தை எடுத்தேன். ஒண்ணும் வரலை. படத்தை மட்டும் கவர்ல போட்டேன். அப்புறம் மறுபடி வெளியே எடுத்து, பின்பக்கம் 'ரெண்டாவது வரிசை, இடது பக்கத்துலேருந்து நாலாவது'ன்னு எழுதினேன்.

அத்தை என் தோளுக்கு மேல எட்டிப் பார்த்து, 'எதுக்கு அதெல்லாம் எழுதறே. அவனுக்குத் தெரியாதா'ன்னாங்க.

'இருக்கட்டும் அத்தை'ன்னு சொல்லி கவரை ஒட்டிட்டேன்.

அக்கா